பெயர் சூட்டும் உரிமை

பழம்பொருள் ஒன்றைப் புதுப்பிப்பவர் அதற்கு இல்லாத பெருமையைச் சூட்டலாமா? இவ்வினாவைப் பழைய மிதிவண்டி ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

மலாயாவில் நாம் கண்டு பழகிய ஆங்கிலேய மிதிவண்டிகள் பெரும்பாலும் கனத்தவை. அன்றாட உழைப்பிற்கு உரியவை. இங்கிலாந்திலோ பந்தயத்திற்கும் நெடும்பயணத்திற்கும் எடை குறைந்த வண்டிகளைத் தனியே செய்தனர். பர்மிங்காம் நகரின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் வெளியிட்ட '531' என்னும் எஃகுக் குழாய் இவற்றில் பெரிதும் விரும்பப்பட்டது. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த அவ்வெஃகை, முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்குமாறு அமைத்தனர். வலிமை குன்றாமல் எடை குறைந்தது. லண்டனில் 1928இல் தொழில் தொடங்கிய கிளாட் பட்லர், நெளிந்த பின்குழாய்களால் புகழ்பெற்ற ஹெட்சின்ஸ் ஆகியோரோடு, சிறு பட்டறையினர் பலரும் சட்டகங்கள் செய்தனர். பிறர் செய்த சட்டகத்தில் தம் பெயரைப் பொறித்து விற்ற கடைகளும் உண்டு.

அத்தகைய வண்டியொன்று வண்ணமிழந்து, பெயரிழந்து ஒருவர் கைக்கு வருகிறது. அதன் பிறப்பை அவர் எவ்வாறு அறிவார்? அறிவு பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குவர் சைவ சித்தாந்திகள். அம்மூன்றும் இங்கே பயன்படக் காணலாம். மிதியச்சுக் கூட்டின் அடியில் பொறித்த எண்ணும், குழாய் மூட்டுகளின் வடிவமும் கண்ணுக்குத் தெரிவன. இருக்கைத் தண்டின் விட்டம் 27.2 மில்லிமீட்டராயின், நடுவில் மெலிந்த உயர்வகைக் குழாயாக இருக்கலாம் எனக் கருதலாம். இங்கிலாந்தில் 1955இல் தோன்றிய பழமை மிதிவண்டிக் கழகத்தினர் போன்றோர் திரட்டிய பதிவுகள் உரையாகும்.

ஆயினும் கருதலுக்கு எல்லை உண்டு. ஸ்டர்மி ஆர்ச்சர் சக்கரக் குடங்களில் ஆண்டும் மாதமும் பொறிக்கப்பட்டிருக்கும். அது குடத்தின் வயதேயன்றிச் சட்டகத்தின் வயதன்று. சக்கரம் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் அன்றோ?

மூன்று வழிகளும் முடிவு தராதபோதுதான் சோதனை தொடங்குகிறது. புகழ்மிக்க பெயர்களைப் புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். ஒன்றை வாங்கி ஒட்டிவிட்டால் வண்டியின் மதிப்பு உயரும். "வண்டி என்னுடையது, விற்கப் போவதில்லை, இதனால் யாருக்கு என்ன தீங்கு?" என்று உரிமையாளர் கேட்கக்கூடும். கேள்வி எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. தம் பொருளை விரும்பியவாறு அழகு செய்ய ஒருவர்க்கு உரிமை உண்டு.

ஆனால், வண்டி அவருக்குப் பின்னும் வாழும். அடுத்து வருபவர் அப்பெயரை மெய்யென நம்புவார். பெயர் தெரியாத வண்டிகளைப் பெயர் தெரிந்த வண்டிகளோடு ஒப்பிட்டே அடையாளம் காண்கின்றனர். ஒப்பிடும் பொருளே பொய்யாயின், ஒரு பொய் பல பிழைகளை ஈனும், அளவுகோலே கோணிவிடும். அன்றியும், எங்கோ ஒரு சிறு பட்டறையில் தீயின் முன் நின்று அம்மூட்டுகளைப் பற்றவைத்த எளிய தொழிலாளியின் திறன், புகழுடையோர் கணக்கில் சேர்ந்துவிடும். அவர் பெயரை நாம் அறியோம் என்பது, அவர் உழைப்பைப் பிறர்க்கு வழங்கும் உரிமையை நமக்குத் தாராது.

ஆகவே புதுப்பிப்பவரின் முதற்கடமை பொறுமை. பழைய வண்ணத்தைச் சுரண்டுமுன், அதனடியில் பெயரின் நிழல் ஏதும் எஞ்சியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். சுரண்டியபின் அச்சான்று மீளாது. தேய்ந்த உறுப்பை மாற்றலாம். மாற்றியதைக் குறித்து வைத்தல் வேண்டும். ஐயம் தீராவிடில் பெயரின் இடத்தை வெறுமையாக விடுவதே நேர்மை.

'தெரியாது' என்று விடையெழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவதில்லை. ஆயினும், ஊகத்தை உண்மையென எழுதுபவனைவிட அவன் அறிவின் வாயிலுக்கு அருகில் நிற்கிறான். பெயரில்லாத அவ்வண்டியும் அவ்வாறே, மெய்யான பெயர் வரும் நாளுக்காக இடம் விட்டுக் காத்திருக்கிறது.