உறுமலும் வலிமையும்

மல்லாவிச் சந்தியில் மாலை வேளையில் சிறிது நேரம் நின்றால் போதும், எந்திரங்கள் தம் உடைமையாளரின் உள்ளத்தைப் பேசுவதைக் கேட்கலாம். புகைக்குழாயின் அடைப்பை அகற்றிவிட்டு, வீதி அதிர மோட்டார் சைக்கிளை முடுக்குகிறான் ஓர் இளைஞன். வவுனிக்குளத்து வயலிலிருந்து சேறு சொட்டத் திரும்புகிறது ஓர் உழவு இயந்திரம். "நாளை மின்சாரத்தால் ஓடும் வண்டி வந்தால் ஏற்றுக்கொள்வீரா?" என்று கேட்டால் இருவருமே நகைப்பர். ஆயின் அந்த இரு நகைப்பும் ஒன்றல்ல.

அமெரிக்காவில் 'மசில் கார்' எனப்படும் பெருவலிக் கார்களின் பக்தர்களும் இவ்வாறே நகைத்தனர். டொட்ஜ் நிறுவனம் எட்டுச் சிலிண்டர் கொண்ட சலஞ்சர் காரின் உற்பத்தியை 2023இல் நிறுத்தியது. 2024இல் மின்சாரச் சார்ஜரை வெளியிட்டபோது, செயற்கையாக உறுமலை எழுப்பும் கருவியொன்றையும் அதிற் பொருத்தியது. கர்ச்சனையைத் தனியே வாங்கிப் பூட்டிக்கொண்ட சிங்கம்! மின்மோட்டார் நின்ற நிலையிலேயே தன் முழு முறுக்குவிசையையும் தரவல்லது; எஞ்சினோ சுழற்சி ஏறிய பின்னரே தன் முழு விசையைத் தரும். எனவே அந்தப் பக்தர்கள் இழந்ததாகக் கருதியது வலிமையை அன்று, வலிமையின் அறிவிப்பை.

சந்தியில் உறுமும் நம் இளைஞனைப் பழிப்பது எளிது. வேலையற்ற ஊரில், தன் இருப்பை நாலுபேருக்கு உணர்த்த அவனுக்குக் கிடைத்த குரல் அது ஒன்றே என்பதைப் பழிப்போர் எண்ணுவதில்லை. (வைத்தியசாலை வாசலிலும் அதே குரலை எழுப்புவதை மாத்திரம் என்னால் மன்னிக்க இயலவில்லை.) அவனுக்கு வேண்டியது வேறு வண்டி அல்ல என்றே நான் நினைக்கிறேன்.

உழவனின் நிலை வேறு. அவனுக்கு ஓசை ஒரு செய்தி. சேற்றின் ஆழம் கூடும்போது எஞ்சினின் குரல் தாழ்கிறது. அவன் கண்ணாற் காணுமுன் காதால் அறிந்து கலப்பையை உயர்த்துகிறான். ஆனால் இதுவும் பழகிப் பெற்ற அறிவே. உழவு இயந்திரம் வந்த காலத்தில் என் பாட்டனார் அதனை 'மணி கட்டாத பிசாசு' என்றார். சவாரி மாடுகளின் சலங்கை ஒலியைக் கேட்டு வளர்ந்த செவி அவருடையது. அவருடைய பேரன்மார் இன்று அந்தப் பிசாசின் குரலைச் சங்கீதமாகப் போற்றுகின்றனர். செவி மாறும். வயிறு மாறாது.

வயிற்றின் கணக்கைப் பார்ப்போம். அறுபது லீற்றர் டீசலின் எடை ஏறக்குறைய 50 கிலோ. எஞ்சின் அதில் மூன்றில் இரு பங்கைச் சூடாக வீணாக்கினும், எஞ்சியதைக்கொண்டு அது செய்யும் வேலைக்கு ஈடாகப் பற்றரி வேண்டுமாயின், அதன் எடை ஒரு தொன்னுக்கு மேலாகும். தார்வீதியில் ஓடும் காருக்கு அந்தப் பாரம் பொருட்டல்ல. காலபோகச் சேற்றில் அது இயந்திரத்தையே அமிழ்த்திவிடும். ஆகையால் பகல் முழுதும் உழும் பெரிய இயந்திரத்தைப் பொறுத்தவரை, உழவனின் நகைப்பில் இன்றைக்கு நியாயம் உண்டு. சிறு லாண்ட்மாஸ்ரருக்கும், சந்தைக்கு மரக்கறி ஏற்றும் முச்சக்கரவண்டிக்கும் அந்த நியாயம் அவ்வளவாகப் பொருந்தாது.

எனினும் உழவனின் தயக்கத்துக்கு எடையினும் ஆழமான வேரொன்று உண்டு. 1990இல் தொடங்கி 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தம் வரை நீடித்த பொருளாதாரத் தடைக்காலத்தில் இம்மண்ணுக்குப் பெற்றோல் வரவில்லை. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர் நம்மவர். 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தோர் மல்லாவியை நிறைத்த நாட்களிலும், கரும்புகை கக்கியவாறு அந்த வண்டிகள் ஓடின, நோயாளரைச் சுமந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். எந்தப் பொறியியற் கல்லூரியும் கற்பிக்காத வித்தை அது. எந்திரத்தின் உள்ளுறுப்புகள் கைக்கு எட்டும்படி இருந்ததாற்றான் அது சாத்தியமாயிற்று. அன்று மரநிழலில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய மனிதனுக்கு, அதன் உறுமல் அடங்காமையின் குரலாகவே ஒலித்திருக்கும்.

மின்வண்டி அந்த மனிதனுக்கு எதனைக் கொடுக்கிறது? முத்திரையிட்ட ஒரு பெட்டியை. அதைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும். பழுதுற்றால் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும். மாதந்தோறும் லீசிங் கம்பனிக்குத் தவணை கட்டவேண்டும். டீசலுக்குக் கைகட்டி நின்றவன் இனிப் பெட்டிக்குக் கைகட்டி நிற்பதுதான் முன்னேற்றமா? 2022ஆம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றது. அவ்வாண்டின் நடுப்பகுதியிலோ, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என அளந்து கொடுத்தனர். டீசலை நம்பியவனும் மின்சாரத்தை நம்பியவனும் ஒரே வருடத்தில் ஏமாந்தனர்.

ஆயினும் வன்னிக்கு வெயிற் பஞ்சம் இல்லை. கடல் கடந்து வரும் எண்ணெய்க்கு அந்நியச் செலாவணி வேண்டும். கூரைமீது விழும் வெயிலுக்கு வேண்டாம். கூட்டுறவுச் சங்கங்கள் எரிபொருள் விற்க அறிந்தவைதாமே? அவற்றின் கூரைகளிலேயே சூரியத் தகடுகளை இட்டு, உறுப்பினர்க்கு மின்னேற்றிக் கொடுக்க முடியாதா? புகையைச் சுவாசிக்கும் நம் பிள்ளைகளை எண்ணினால், பழைய எஞ்சினைக் கட்டிக்கொண்டு அழுவதையும் அறமென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் "மாறு" என்று உழவனுக்கு உபதேசிப்போர், அவன் கைத்திறனுக்கு அந்தப் பெட்டியில் இடம்வைக்குமாறு அதைச் செய்வோரிடமும் கேட்கவேண்டும்.

சென்ற மாதம் எங்களூர்த் திருத்துநர் ஒருவரிடம் மின்சார ஸ்கூட்டர் ஒன்று வந்திருந்தது. தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர் அவர். ஓசையின்றி ஓடுகிறதே, பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"சத்தம் இல்லாட்டிப் பறவாயில்லை, சேர். இதுக்குள்ள என்ன இருக்கெண்டு எங்களுக்குக் காட்டித் தருவினமோ?"