காற்றோடு வரும் களிம்பு

ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், வீரகேரளம்புதூர் வரைக்கும் காற்று நனைந்தே வருகிறது. சுரண்டையிலும் பாவூர்சத்திரத்திலும் காய்கறி ஏற்றிய லாரிகள் அந்தக் காற்றை இழுத்துக்கொண்டுதான் புளியரை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறுகின்றன. மறுபக்க இறக்கத்தில் அவற்றை ஏர் பிரேக்காக நிறுத்திப் பிடிப்பதும் அதே காற்றுதான்.

30 டிகிரி வெப்பத்தில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீர் இருக்கும். கம்ப்ரசர் அதை 8 பார் அழுத்தத்துக்கு நெருக்கும்போது கன அளவு ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஏர் டேங்கில் சூடு ஆறியதும் மூன்றரை கிராமுக்கு மேல் ஆவியாக நிற்க இடமில்லை. மிச்சமெல்லாம் தண்ணீர். அது டேங்கை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கிறது. வால்வுகளின் கிரீஸைக் கழுவிவிடுகிறது. பனிப் பிரதேசத்தில் என்றால் குழாய்க்குள்ளேயே உறைந்து காற்றின் வழியை அடைத்துவிடும்.

இந்தத் தண்ணீர் ஒரு பழைய கேள்வியை நினைவூட்டுகிறது: அழுக்கு உயிரோடு பிறந்ததா, வந்து ஒட்டியதா? சைவ சித்தாந்தம் ஆழமாக வாதாடிய கேள்வி இது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் சிவஞானபோதம் செய்தார். அந்த மரபு, உயிரைப் பற்றும் மூன்று மலங்களில் ஆணவத்தைச் செம்பில் களிம்பு போல உயிரோடு என்றும் இருப்பதாகச் சொல்கிறது. கன்மமும் மாயையும் பின்னால் வந்து சேர்பவை.

பிரேக்கில் சேரும் ஈரம் இதில் எந்த வகை? வெளியிலிருந்து வந்ததுதானே என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் காற்று இல்லாமல் அந்த பிரேக்கே இல்லை. இந்தச் சாரல் சீமையில் ஈரமில்லாத காற்றும் இல்லை. வண்டியை இயக்குகிற மூச்சிலேயே அதன் கேடும் ஏறி வருகிறது. ஆகவே களிம்பின் பக்கம் சாய்வதே நியாயம். முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் வலிமைதான் அடங்குகிறது என்பது சித்தாந்தத்தின் துணிவு. இன்று டேங்கிலிருந்து தண்ணீரை இறக்கிய டிரைவரும் நாளை மறுபடி இறக்கத்தான் வேண்டும்.

ஏர் டிரையர் வந்தபின் இந்த வேலை குறைந்தது. உள்ளே இருக்கும் உலர்த்தும் மணிகள் ஈரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அழுத்தம் நிறைந்ததும், உலர்ந்த காற்றில் கொஞ்சம் திரும்பிப் பாய்ந்து, அந்த ஈரத்தைப் ‘புஸ்’ என்று வெளியே தள்ளுகிறது. தூய்மையானதன் ஒரு பங்கே அழுக்கைக் கழுவுகிறது! உயிர் தானே தன்னைத் தூய்மை செய்துகொள்ளாது, அருள் வேண்டும் என்ற சித்தாந்தக் கொள்கைக்கு இது எதிர்ச்சான்று போலத் தெரியும். அப்படியில்லை. கம்ப்ரசர் எண்ணெய் படிந்து அந்த மணிகளும் ஒருநாள் செயலிழக்கும். வெளியிலிருந்து ஒரு கை வந்து மாற்றித்தான் ஆக வேண்டும். டிரையர் இருந்தும் டேங்கில் தண்ணீர் வந்தால் அந்த நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரோடு எண்ணெய்ப் பிசுக்கும் வந்தால், முதலில் கம்ப்ரசரைக் கழற்றி அதன் ரிங்குகளைப் பார்க்க வேண்டும்.