பேய் மரமும் பாட்டி மஞ்சளும்

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பேத்துப்பாறையில் பிள்ளைத் துணி காய்வது பெரும்பாடு. கொடைக்கானல் மலையில் வில்பட்டியைத் தாண்டிக் கிடக்கும் இந்த ஊரில் மூட்டம் விலகாத நாட்களில், சரியாக உலராத துணியோ நேரத்துக்கு மாற்றாத டயப்பரோ குழந்தையின் தொடையிடுக்கைச் சிவக்க வைத்துவிடும். தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவு என்பார் ஒரு பாட்டி. வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் கழுவு என்பார் இன்னொருவர். இதை அறிவு என்று ஏற்பதா, வழக்கம் என்று தள்ளுவதா?

பழைய கேள்விதான். மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதையில் அளவைவாதி என்ற தருக்கவாதி, அறியும் வழிகளைப் பத்தாக அடுக்குகிறான். அவற்றில் ஒன்று ஐதிகம். முதலில் யார் சொன்னது என்றே தெரியாமல் உலகம் சொல்லிவருவதை நம்புவது. அதற்கு அவன் தரும் உதாரணம், இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்பது! 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பத்தையும் இரண்டாக்கிவிடுகிறார்: காண்பது, கருதுவது. மற்றதெல்லாம் கருதுவதில் அடக்கம்.

பாட்டியின் மஞ்சளைப் பேய் மரத்தோடு சேர்ப்பது அநியாயம். தோல் மறைவானதல்ல, நேற்றைய சிவப்பு இன்று தணிந்ததா என்று குளிப்பாட்டும்போதே தெரிந்துவிடும். காட்சி இருக்கிறது.

கருதலில்தான் வழுக்குகிறது. சிறுநீரும் மலமும் ஈரத்தில் ஊறித் தோலை அரிப்பதே இந்தப் புண்ணுக்குக் காரணம். மருந்து தடவுகிற அதே வேளையில் துணியை அவிழ்த்து, கழுவி, காற்றாட விடுகிறார்கள். பாதிப் புண் அதிலேயே ஆறும். பெயர் மட்டும் மஞ்சளுக்குப் போகிறது. மஞ்சள் இல்லாமல் ஒரு பிள்ளையை ஆறவிட்டு ஒப்பிட்டுப் பார்க்க எந்தப் பாட்டிக்கு மனம் வரும்?

மஞ்சளுக்கே இந்த வழக்கு ஒருமுறை வந்தது. புண் ஆற்றும் குணத்துக்காக 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் அச்சான கட்டுரைகளையும் காட்டி வாதாட, 1997-இல் அது ரத்தானது. வெளிநாட்டில் வெறுமனே புழக்கத்தில் இருந்ததை அன்றைய அமெரிக்கச் சட்டம் ஆதாரமாக ஏற்கவில்லை. அச்சில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லில் வாழ்ந்த பாட்டிமார் அந்த வழக்கில் சாட்சிக் கூண்டு ஏறியிருக்கவே முடியாது.

தோலில் தடவுவதையாவது கண்ணால் பார்க்கலாம்; அதே வாய்ச்சொல்லை நம்பி மருந்து வயிற்றுக்குள் போகும்போது கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கண்டதை 1981-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. வேம்பு வெளியே பயன்பட்டதால் உள்ளேயும் பயன்படும் என்பது பிழையான கருதல்.

வெளிப்புண்ணிலோ கண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மடிப்புக்குள்ளும் சிவந்து, சுற்றிலும் சிறு பருக்கள் தெறித்திருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. இரண்டு மூன்று நாளில் தணியாவிட்டால், எண்ணெயை ஓரமாக வைத்துவிட்டு கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.