தாயைப் போகவிடு



பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளை எடுக்கலாம், தாயையோ போகவிட வேண்டும் என்பது உபாகமம் (22:6-7) தரும் கட்டளை. தாய் மடிந்தால் இனமே மடியும் என்பதை இறைவன் அறிவார்.

நமது பாக்குநீரிணையில் கடற்புல் மேயும் கடற்பசுவும் ஒரு தாயே. 13 மாதங்களுக்கு மேல் சுமந்து ஒரே கன்றை ஈன்று, 18 மாதங்கள் வரை பாலூட்டுகிறது. அடுத்த கன்றுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் செல்லும். மூச்செடுக்க மேலே வரவேண்டிய அது, வலையில் சிக்கினால் மூழ்கி இறக்கிறது.

இலங்கைச் சட்டம் 1970 முதல் அதனைக் காக்கிறது. எதிர்க்கரையில் தமிழ்நாட்டரசு 2022இல் 448 சதுர கிலோமீற்றர் கடலைக் கடற்பசுக் காப்பகமாக்கியது. கடற்பசுவை உயிரோடு விடுவித்த மீனவர்க்கு அங்கே வெகுமதியும் உண்டு.

ஆயினும் கடன்பட்டு வாங்கிய வலையை வெட்டுவது எளிதா? வலைதானே கடற்றொழிலாளியின் வீட்டு அடுப்பு! இப்பாரம் அவர் தலையில் மட்டும் விழலாகாது. வலையை வெட்டிவிட்டுக் கரை திரும்புபவருக்குப் புதுவலை வாங்கப் பங்குமக்கள் நாம் கைகொடுப்போம். அதன் இறைச்சி விலைக்கு வந்தால், வேண்டாம் என்போம்.

அக்கட்டளையோடு ஆண்டவர் இணைத்த வாக்கு நெடிய வாழ்வு. அது நம் கடலுக்கும் பிள்ளைகளுக்கும் கிட்டுவதாக!