வெட்சூட்டுக்குள் இருக்கும் உடம்பு

படகின் மேல்தளத்தில் பத்துப் பேர் நடுவே நின்று, கணுக்காலிலிருந்து கழுத்து வரை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் உடையை இழுத்து ஏற்றி, முதுகு ஜிப்பைப் போட இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்குப் பயந்தே கடலை வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீருக்கடியில் மூச்சு விடும் பயத்தை எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே பேசித் தீர்த்துவிடுகிறார். வெட்சூட்டில் வயிறும் இடுப்பும் தெரிவதால் வரும் கூச்சத்தை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசாததால் அதற்கு ஒரே மருந்து எடையைக் குறைப்பதுதான் என்று அவரவரே முடிவு செய்துகொள்கிறார்கள்: பத்துக் கிலோ இறங்கட்டும், பிறகு கடலில் இறங்கலாம். எடையைக் குறைக்க நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் இந்தக் கூச்சத்தைப் போக்குவது அவற்றில் ஒன்று அல்ல என்றே நினைக்கிறேன். கடலுக்குள் போகிறவர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், அது மனவருத்தத்தோடு நிற்காமல் ஆபத்திலும் கொண்டுபோய் விடக்கூடும்.

முதலில் அந்த உடை எதற்காக என்று பார்க்க வேண்டும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்துகிறது. கலிஃபோர்னியாவில் இயற்பியலாளராக இருந்த ஹியூ பிராட்னர் 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்போருக்காக யோசித்தபோது, அதுவரை எல்லோரும் கட்டிக்காத்த ஒரு நினைப்பை விட்டுவிட்டார். உடம்பு கதகதப்பாக இருக்க அது உலர்ந்து இருக்க வேண்டியதில்லை. நியோப்ரீன் நுரைக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகளே வெப்பத்தைத் தடுத்து நிறுத்திவிடும், உடைக்கும் தோலுக்கும் நடுவே கசியும் மெல்லிய நீர்ப்படலம் உடற்சூட்டிலேயே வெதுவெதுப்பாகிவிடும் என்று கண்டார். அந்தப் படலம் அசையாமல் இருந்தால்தான் இது நடக்கும். உடை தொளதொளவென்று இருந்தால், ஒவ்வோர் அசைவிலும் சூடேறிய நீர் வெளியேறிப் புதிய குளிர்ந்த நீர் உள்ளே வரும். ஆக, உடம்பின் வடிவத்தை அப்படியே காட்டுவது வெட்சூட்டின் குறையல்ல. அது ஒட்டினால்தான் வேலை செய்யும். நம்மைச் சங்கடப்படுத்தும் அந்த இறுக்கமே நாம் குளிரில் நடுங்காமல் திரும்பி வருவதற்கான ஏற்பாடு.

இன்னும் ஆழமாகப் பார்த்தால், எதை மறைக்க நினைக்கிறோமோ அந்தக் கொழுப்பும் இந்த நியோப்ரீனும் கடலில் ஒரே தொழிலைச் செய்கின்றன. இரண்டும் குளிரைத் தடுக்கின்றன, இரண்டும் மிதக்கின்றன. 1984 மார்ச்சில் ஐஸ்லாந்தின் தெற்கே ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தபோது, உடனிருந்தவர்கள் எல்லோரும் இறந்துபோக, குட்லௌகுர் ஃப்ரித்தோர்ஸ்ஸன் என்ற பருத்த இளைஞர் மட்டும் 5, 6 டிகிரி குளிர்நீரில் பல மணி நேரம் நீந்திக் கரையேறினார். அவரைப் பின்னர் பரிசோதித்த மருத்துவர்கள் அவருடைய தடித்த தோலடிக் கொழுப்பையே முக்கியக் காரணமாகக் கண்டார்கள். தென்கொரியக் கடலில் மூச்சடக்கி மூழ்கும் ஹேன்யோ பெண்கள் பருத்தி உடையில் குளிர்காலக் கடலில் இறங்கிய காலத்தில், அவர்களுடைய உடல் ஓய்வு நிலையிலேயே கூடுதலாக வெப்பத்தை உண்டாக்கப் பழகியிருந்ததை சுக் கி ஹாங் என்ற உடலியங்கியல் அறிஞர் பதிவு செய்தார். 1970களில் அவர்கள் வெட்சூட்டுக்கு மாறினார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பழக்கம் உடலிலிருந்து மறைந்துபோனது. உடம்பின் வேலையை உடை எடுத்துக்கொண்டது. இப்படி ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கிற இரண்டில் ஒன்றைப் பெருமையோடு விலைகொடுத்து வாங்குகிறோம், மற்றதை நினைத்துத் தலைகுனிகிறோம். உடல் இளைத்தவர் முந்தைய அதே கடலில் அதே 3 மில்லிமீட்டர் சூட்டோடு இறங்கிக் குளிர்கிறதே என்று திகைப்பதற்குக் காரணமும் இதுதான். முன்பு சுமந்திருந்த கொழுப்பு சத்தமில்லாமல் செய்துவந்த வேலையை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் எழும் மறுப்பு நியாயமானது. கொழுப்பு கதகதப்பைத் தருகிறது என்பதற்காக அதைச் சுமந்துகொண்டே இருக்கலாமா? இருக்கக் கூடாது என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. தண்ணீரில் இறங்கியதுமே அதன் அழுத்தத்தால் கைகால்களிலிருந்து அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் தள்ளப்படுகிறது. இதயம் அந்தக் கூடுதல் சுமையோடுதான் நீச்சலைத் தொடங்குகிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பில் 1992 முதல் 2003 வரை நடந்த 947 மரணங்களை அலசிய ஓர் ஆய்வில், காரணம் கண்டறியப்பட்டவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இதயக் கோளாற்றில் தொடங்கியிருந்தது. கொழுப்பு நைட்ரஜனைத் தண்ணீரைவிடச் சுமார் 5 மடங்கு அதிகமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும் என்பது ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908இல் தம் அழுத்தத் தணிப்பு அட்டவணையை வெளியிட்ட காலத்திலேயே தெரிந்த செய்தி. அவரோடு பணிபுரிந்தவர்கள் வேகமாக மேலே வரும்போது கரைந்த நைட்ரஜன் குமிழியாவதால் வரும் அழுத்தத் தணிப்பு நோய்க்குக் கொழுத்த விலங்குகளே எளிதில் இரையாவதைக் காட்டினார்கள். இன்றைய பொழுதுபோக்கு முக்குளிப்பில் எந்த ஆழத்துக்குப் போனார், எவ்வளவு நேரம் இருந்தார், எவ்வளவு வேகமாக மேலே வந்தார் என்பவையே பெரிய காரணங்கள் என்றாலும், உடற்பருமனை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இந்தச் சான்றுகள் எதைக் கேட்கின்றன என்று கவனியுங்கள். முக்குளிப்புக்கு வருபவர்களிடம் நிரப்பச் சொல்லும் மருத்துவப் படிவம் 14 நிமிடத்தில் 1.6 கிலோமீட்டர் நடக்க முடியுமா, 200 மீட்டரை ஓய்வெடுக்காமல் நீந்த முடியுமா என்று கேட்கிறது. இதயத்தையும் மூச்சையும் பற்றிய கேள்வி அது. இடுப்பு எப்படித் தெரிகிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மூன்று மாதம் நடந்து, நீந்தி, 2 கிலோ மட்டுமே குறைந்தவர் அந்தக் கேள்விக்குத் தயாராகியிருப்பார். பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் பட்டினி கிடந்து 5 கிலோ குறைத்தவர் சோர்ந்து, உடம்பில் நீர் வற்றி, குளிரைத் தாங்கும் சக்தியும் குறைந்த நிலையில் படகேறுவார். கண்ணாடிமுன் பார்த்தால் இரண்டாமவரே வென்றவர்.

கூச்சம்தானே ஒருவரை உடற்பயிற்சிக்குத் தள்ளுகிறது, அதையும் போக்கிவிட்டால் யார் அக்கறைப்படுவார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நல்லெண்ணத்தோடு கேட்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் வயது முதிர்ந்தோரை நான்காண்டுகள் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. எடைக்காக அவமதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் சராசரியாகக் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியிருந்தார்கள். அப்படிச் சொல்லாதவர்கள் முக்கால் கிலோ அளவுக்கு இறங்கியிருந்தார்கள். அவமானத்துக்கு அஞ்சுகிறவர் முதலில் விலகுவது நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், கடற்கரை ஆகிய இடங்களிலிருந்துதான். எந்த இடம் அவரை இளைக்க வைக்குமோ அந்த இடத்தையே கூச்சம் பூட்டி வைக்கிறது. போதாததற்கு, உடம்பு இளைத்தாலும் பழைய உடம்பின் நினைப்பு மனத்தில் தங்கிவிடுவதை உளவியலாளர்கள் நெடுநாளாகக் கவனித்திருக்கிறார்கள். இளைத்தவருக்குத் தொங்கும் தோல் புதுக் கவலையாகிறது. மெலிந்தவருக்கு வெட்சூட்டில் எலும்பு தெரிகிறதே என்ற கவலை. எடை ஒரு பக்கம் இறங்கும், கூச்சம் தன் இடத்திலேயே இருக்கும்.

இதையெல்லாம் தனிப்பட்ட மனக்குறை என்று விட்டுவிட முடியாமல் கடல் தடுக்கிறது. 1998இல் பார்பரா ஃப்ரெட்ரிக்ஸனும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைத் தனி அறையில், ஆளுயரக் கண்ணாடி முன் நீச்சலுடையோ கம்பளிச் சட்டையோ அணிய வைத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். நீச்சலுடை அணிந்த பெண்களின் மதிப்பெண் குறைந்தது. 2004இல் ஆண்களுக்கும் இறுக்கமான நீச்சலுடை கொடுத்துச் செய்த சோதனையில் அவர்களுக்கும் அதே கதி. அந்த அறைகளில் வேறு யாரும் இல்லை; தன்னையே அளந்து பார்க்கும் கண் ஒன்றே போதுமாக இருந்தது. ஒரு வகுப்பறையில் இரண்டு கணக்கு தவறினால் ஒன்றும் ஆகாது. சிலிண்டரில் எவ்வளவு காற்று, எத்தனை மீட்டர் ஆழம், துணைவர் எங்கே என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவரின் கவனத்தில் ஒரு பங்கை வயிற்றை உள்ளிழுத்துப் பிடிப்பதற்குக் கொடுத்தால் அது பெரிய இழப்பு. வயிற்றை இழுத்துப் பிடித்தவரால் ஆழ்ந்து மூச்சு விடவும் முடியாது. கூச்சத்தால் ஒரு அளவு சிறிய சூட்டை வாங்கி அணிகிறவருக்குக் கழுத்தை அது நெரித்தால், அங்குள்ள தமனியின் அழுத்தப் புள்ளி தூண்டப்பட்டு இதயத்துடிப்பு மந்தமாகி மயக்கம் வரக்கூடும். எடையைக் கேட்கும்போது 90 கிலோ இருப்பவர் 75 என்று சொன்னால், மிதப்பை ஈடுகட்ட அவருக்குக் கட்டும் ஈயக்கட்டிகளின் கணக்கே தவறுகிறது. ஈயம் குறைந்தால், காற்று தீர்ந்து சிலிண்டர் லேசாகும் கடைசிக் கட்டத்தில், நின்று நிதானிக்க வேண்டிய 5 மீட்டர் ஆழத்தில் நிற்க முடியாமல் மேலே தூக்கி எறியப்படுவார்.

எல்லோரும் பார்க்கத்தானே செய்கிறார்கள் என்பது கடைசி மறுப்பு. பார்க்கிறார்கள், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட சோதனையில், வெட்கப்பட வைக்கும் படம் போட்ட பனியனை அணிந்த மாணவர்கள், அறையிலிருப்போரில் ஏறத்தாழ பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று கணித்தார்கள். கவனித்தவர்கள் நான்கில் ஒரு பங்குதான். படகில் அவரவர் தத்தம் ஜிப்போடு போராடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பங்கு இன்னும் சிறியதாக இருக்கும் என்று நான் நம்புகிறேன். இருந்தாலும் பொறுப்பு முழுவதையும் கூச்சப்படுகிறவர் தலையில் சுமத்துவது அநியாயம். வாடகைச் சூட்டுகளில் பெரிய அளவே வைக்காத நிலையம், படகின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு "உங்க வெயிட் எவ்வளவு?" என்று கத்திக் கேட்கும் பணியாளர், விளம்பரத்தில் ஒரே வகை உடம்பை மட்டும் காட்டும் உற்பத்தியாளர் ஆகிய எல்லோரும் அந்தப் பொய்யான 75 கிலோவுக்குப் பங்காளிகள். எடையைத் தாளில் எழுதி வாங்குவதற்கும், சூட் மாற்ற ஒரு திரை தொங்கவிடுவதற்கும் பெரிய செலவில்லை. உடையைப் பற்றி எப்படி யோசிப்பது என்பதற்கு நம்மிடமே முன்னுதாரணம் உண்டு: ராமநாதபுரம் கடலோரத்தில் சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்க மூழ்கும் பெண்களின் உடை பாறை கிழிக்கிறதா, கை காக்கப்படுகிறதா என்பதை வைத்தே முடிவாகியிருக்கிறது. வாங்கும் உடையையும் அந்தக் கேள்வியை வைத்தே தேர்ந்தெடுக்கலாம்.

இதயத்துக்காகவும் மூச்சுக்காகவும் பொறுமையாக இளைத்தவர்களுக்குக் கவனிக்க வேண்டிய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. 10 கிலோ கொழுப்பு கடல்நீரில் உடலை ஏறத்தாழ 1.4 கிலோ அளவுக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அது போனதும் பழைய டைவ் குறிப்பேட்டில் எழுதி வைத்த ஈயக் கணக்கு அதிகப்படியாகிவிடும். கீழே இழுபட்டு, காலை உதைத்து உதைத்துக் காற்றைத் தீர்ப்பார்கள். பழைய சூட் முழங்கையிலும் இடுப்பிலும் மடிந்து தண்ணீரைத் தேக்கும். அதைத் திருத்தித் தைக்கலாம், முடியாவிட்டால் மாற்ற வேண்டும். முதல் டைவின் முடிவில், சிலிண்டரில் 50 பார் காற்று மிஞ்சியிருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில், மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டையான பிசிடியில் காற்றில்லாமல் சாதாரணமாக மூச்சு விட்டபடி நிலைத்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, கட்டிகளை ஒவ்வொன்றாகக் கூட்டியோ குறைத்தோ புதுக் கணக்கை எழுதிக்கொள்ள வேண்டும்.