தெளியாத பந்து

சென்ற மாதம் என் அண்ணாவின் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறிய வழக்கு நடந்தது. வழக்குக்குக் காரணம் ஒரு ஹாக்கிப் பந்து. 1975-ஆம் வருஷம் மார்ச் 15-ஆம் தேதி, கோலாலம்பூர் மெர்தேக்கா மைதானத்தில், தயான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து அது.

உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே பாகிஸ்தான். முதல் கோல் அவர்களுடையது. சுர்ஜித் சிங் அதைச் சமன் செய்தார். பிறகு அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தின் மேல் மூலையில் பட்டு வெளியே துள்ளி வந்துவிட்டது. நடுவர் 'கோல்' என்றார். பாகிஸ்தான் வீரர்கள் இல்லவே இல்லை என்று மன்றாடினார்கள். 2-1 என்று ஆட்டம் முடிந்தது. இந்தியா உலகக் கோப்பையை வென்றது அதுவே முதல் தடவை.

அன்றைக்குச் சென்னையில் டெலிவிஷன் கிடையாது. அது வந்தது அந்த ஆண்டு ஆகஸ்டில்தான். அண்ணா டிரான்சிஸ்டரைக் காதோடு சேர்த்துக்கொண்டு ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வர்ணனையைக் கேட்டார். அண்ணாவுக்கு இந்தி தெரியாது. ஆனால் அந்தக் குரல் எப்போது மூச்சு வாங்கியது, எப்போது உடைந்தது என்பதெல்லாம் தெரியும். அவர் ஐம்பது வருஷமாகச் சொல்லிவரும் ஆட்டம் முழுவதும் காதால் பார்த்ததுதான்.

இப்போது அவருக்கு எண்பது கடந்துவிட்டது. அவருடைய மகன் எங்கிருந்தோ அந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவுத் துண்டு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தான். நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதி எடுத்து எடுத்து நைந்துபோன கறுப்பு வெள்ளைப் படம். அடியில் கோடுகள் நெளிகின்றன. கூட்டத்தின் ஆரவாரம் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி கேட்கிறது. ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள பந்து அதில் ஓர் உளுந்தளவுகூட இல்லை. அண்ணா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், பந்து அகப்படவில்லை.

பையன் கெட்டிக்காரன். பதினைந்து நாள் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து படத்தைச் சீர்திருத்திவிட்டான். புல் பச்சையாயிற்று. இரைச்சல் அடங்கிற்று. பந்து பளிச்சென்று உருண்டது. "சித்தப்பா, வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். அந்த கோல் வந்தது. பந்து கோட்டைத் தாண்டி உள்ளே போய், கம்பத்தின் உட்புறம் பட்டுத் திரும்பியது. சந்தேகத்துக்கே இடமில்லை. எனக்குச் சந்தேகம் வந்ததும் அதனால்தான்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். அந்தக் காலத்து மலேசிய டெலிவிஷன் விநாடிக்கு 25 படம் பிடிக்கும். ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக வருவதால் 50 தடவை என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பந்து, இரண்டு பாதிகளுக்கு நடுவே அரை மீட்டருக்கு மேல் போய்விடும். கோல் என்பதற்குப் பந்து முழுவதும் கோட்டைக் கடக்க வேண்டும். கடந்ததா, கம்பத்தில் பட்டு அப்படியே திரும்பியதா என்ற அந்தச் சில அங்குல விவகாரம் காமிரா பார்க்காத நேரத்திலேயே நடந்து முடிந்திருக்கலாம்.

"இந்த இடத்தில் பழைய படத்தில் என்னப்பா இருந்தது?" என்று கேட்டேன்.

"ஒன்றும் இல்லை சித்தப்பா. முன்னாலும் பின்னாலும் இருக்கிற படத்தை வைத்து, நடுவில் இருந்திருக்கக் கூடியதை மெஷினே போட்டுக்கொள்ளும்."

இருந்திருக்கக் கூடியது! நாவல் எழுதிப் பிழைப்பவனுக்கு இந்த வார்த்தையைப் பார்த்து முகம் சுளிக்க யோக்கியதை இல்லைதான். இடைவெளியை நிரப்புவதே என் தொழில். ஆனால் என் புத்தகத்தின் அட்டையில் 'நாவல்' என்று போட்டிருக்கும். இந்தப் படத்துக்கு அப்படி ஓர் அட்டை இல்லை. நாடாவில் படிந்த தூசியைத் துடைப்பதற்கு நான் விரோதியல்ல. இரைச்சலைக் குறைப்பதில்கூட எனக்குப் பெரிய ஆட்சேபம் கிடையாது. மங்கலான படம் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்கிற சாட்சி. அதன் வாயில் 'நான் பார்த்தேன்' என்ற சொல்லைத் திணிப்பதுதான் உறுத்துகிறது. லாகூரிலும் என் அண்ணாவைப் போல ஒரு கிழவர் இருக்கமாட்டாரா? அவருடைய பேரன் இதே துண்டை இதே மாதிரி யந்திரத்தில் போட்டால், பந்து கம்பத்தில் மட்டும் பட்டுத் திரும்பலாம். இரண்டு வீட்டிலும் கண்ணால் கண்ட ருசு இருக்கும். மைதானத்தில் நின்று, ஒரு கணம் பார்த்து, தவறினால் பழி தன் தலையில் என்று தெரிந்தே விரலை நீட்டிய நடுவரின் சாட்சியம் மட்டும் இரண்டு வீட்டிலும் வேண்டாததாகிவிடும்.

இதையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொள்வது சுலபம். அண்ணா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தாயா, உள்ளேதானேடா போயிற்று?" என்று கேட்டார். கண்ணில் நீர். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் உள்ளே போனது என்றுதான் நம்பிக்கை.

"அண்ணா, அந்த ஓர் இடம் மட்டும் மெஷின் போட்டது" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். "உன்னை யாரடா அதைக் கேட்டது?" என்றார். அன்று காப்பி வந்தபோதும் பேசவில்லை.

பையன் மறுநாளே படத்தின் தொடக்கத்தில் ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டான், சில காட்சிகள் யந்திரத்தின் ஊகம் என்று. அண்ணா தினமும் படத்தைப் போட்டுப் பார்க்கிறாராம். அந்த வரி வரும்போது மட்டும் பித்தானை அழுத்தித் தள்ளிவிடுகிறாராம்.