எண்ணும் திணையும்

'எண்ணுதல்' என்ற சொல் தமிழில் இருபொருள்பட வழங்குகின்றது. பொருள்களைத் தொகையிடுவதும் எண்ணுதலே. மனத்தாற் கருதுவதும் எண்ணுதலே. ஒருவரை எவ்வாறு எண்ணுகின்றோம் என்று வினவும்போது, அவரை எவ்வாறு கணக்கிடுகின்றோம் என்பதும் எவ்வாறு மதிக்கின்றோம் என்பதும் ஒருங்கே வினவப்படுகின்றன. மனிதரைத் தொகையாக்கும் முறைக்கும் அவர்களை மதிக்கும் முறைக்கும் உள்ளார்ந்த தொடர்பு உண்டா என்பது ஆராயத்தக்க அறவினாவாகும். ஊவா மாகாணத்து இளைஞர் இன்று பயிலும் கொரிய மொழியின் எண்ணுமுறை, இவ்வினாவுக்கு எதிர்பாராத வாயிலாக அமைகின்றது.

தென்கொரியா 2004 ஆம் ஆண்டில் வெளிநாட்டுத் தொழிலாளருக்கான வேலை அனுமதி முறையைத் தொடங்கியபோது, அதில் முதலில் இணைந்த ஆறு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அம்முறையின் வழிச் செல்ல விரும்புவோர் வாசித்தல், கேட்டல் என்னும் இரு பகுதிகளையுடைய கொரிய மொழித் தேர்வில் சித்தியெய்துதல் வேண்டும். தோட்ட வருமானம் குடும்பத்தைத் தாங்காத நிலையில், பதுளை, பண்டாரவளை, பசறை ஆகிய பகுதிகளின் தமிழ் இளைஞர் சிலரும் இத்தேர்வை நாடுகின்றனர். அவர்கள் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் இடர்களுள் ஒன்று எண்களாகும்.

கொரிய மொழியில் எண்வரிசைகள் இரண்டு உள. சீனத்திலிருந்து வந்த வரிசை இல், இ, சம், சா, ஓ எனத் தொடங்குவது. கொரியர்க்கே உரிய வரிசை ஹனா, தூல், செத், நெத், தாசொத் எனத் தொடங்கி, யொசொத், இல்கொப், யொதொல், ஆஹொப், யொல் எனப் பத்தில் நிற்பது. பணம், ஆண்டு, திகதி, தொலைபேசி இலக்கம் ஆகியன சீன வரிசையாற் சொல்லப்படும். ஆட்களையும், உயிரினங்களையும், கையாற் சுட்டக்கூடிய பொருள்களையும் எண்ணுதற்கும், பேச்சில் வயதைக் கூறுதற்கும் சொந்த வரிசையே வேண்டும். ஒரே கடிகாரத்தைப் பார்த்து மணியைச் சொந்த எண்ணாலும் நிமிடத்தைச் சீன எண்ணாலும் கூறுதல் வேண்டும். சொந்த வரிசை தொண்ணூற்றொன்பதோடு முடிவடைகின்றது. நூறு, ஆயிரம் என்பவற்றுக்குரிய பழைய கொரியச் சொற்கள் வழக்கொழிந்தமையால், அதற்கு மேற்பட்ட பெருந்தொகைகளெல்லாம் சீன எண்களின் ஆட்சிக்குட்பட்டன.

இம்முறையிற் கருதத்தக்க செய்தி மற்றொன்று உளது. எண்ணை மட்டும் அறிந்தால் எண்ண முடியாது. எண்ணப்படுவது இன்னதென்பதையும் அறிதல் வேண்டும். விலங்காயின் 'மரி', இயந்திரமாயின் 'தே', பொதுவான பொருளாயின் 'கே', ஆளாயின் 'மியொங்', மதிப்பிற்குரியவராயின் 'புன்' என எண்ணை அடுத்து ஓர் அலகுச்சொல் வரும். அதன் முன் 'ஹனா' 'ஹன்' எனவும், 'தூல்' 'து' எனவும் திரியும். எனவே, எத்தனை என்பதற்கு விடையிறுக்கும் முன் எது அல்லது யார் என்பதற்கு விடையிறுக்குமாறு இம்மொழி கற்போனைக் கட்டாயப்படுத்துகின்றது.

தமிழர்க்கு இது முற்றிலும் புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரம் மக்களை உயர்திணையாகவும் ஏனையவற்றை அஃறிணையாகவும் வகுத்தே தொடங்குகின்றது. அப்பகுப்பு எண்ணுப்பெயர்களிலும் ஊடுருவி நிற்கின்றது. மாடுகள் இரண்டு, மாந்தர் இருவர். மரங்கள் ஐந்து, மைந்தர் ஐவர். 'இரண்டு மாந்தர்' என்பது செவிக்கு ஒவ்வாதது மட்டுமன்று, மரபுக்கும் ஒவ்வாததாகும். ஒரு திணைக்குரிய சொல்லை மற்றொரு திணைக்கு வழங்குதலை இலக்கணிகள் திணைவழு என்றனர்.

பேச்சுத் தமிழில் ஒருவர், இருவர் என்னும் வடிவங்கள் குறைந்து, 'மூன்று பேர்', 'பத்துப் பேர்' என்னும் வழக்கே பெருகியுள்ளது. கொரியர் ஆட்களை எண்ணப் பயன்படுத்தும் 'மியொங்' என்பது 'பெயர்' எனப் பொருள்படும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. தமிழரின் 'பேர்' என்பதும் பெயரே. ஒன்றோடொன்று இனத்தொடர்பு நிறுவப்படாத இரு மொழிகள், மனிதரை எண்ணுதற்குப் பெயர் என்னும் ஒரே கருத்தைத் தேர்ந்துள்ளன. பொருளுக்கு அளவு போதும்; ஆளுக்கோ பெயர் உண்டு. மனிதரை எண்ணுவதென்பது பெயருடையோரை எண்ணுவது என்ற உணர்வு இவ்வழக்குகளிற் பொதிந்துள்ளது எனலாம்.

இவ்வுணர்வு தோட்டத்தில் என்னவாயிற்று என்பது அடுத்து நோக்கற்பாலது. மலையகத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல் ஆளைக் குறிப்பதோடமையாது, ஒரு நாள் உழைப்பையும் குறிக்கலாயிற்று. நாளைக்குரிய வேலை நிறைவுற்றால் செக்ரோலில் ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப்பேர் விழும். பிரட்டுக்களத்தில் விடியலிலேயே வந்து நின்று, மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து கொய்த பெண்ணொருத்தி, நிறுவையிற் சில கிலோ குறைந்தமையால் மாலையில் அரைப்பேராகின்றாள். பெயரைப் பாதியாக்க முடியாது என்பது எவர்க்கும் தெரியும். ஆயினும் கணக்கேடு அதனைப் பாதியாக்கிற்று. மனிதரைப் பொருளினின்று பிரித்துக் காட்டப் பிறந்த அலகுச்சொல்லே, மனிதரைப் பொருளாக்கும் அலகாக மாறியது.

அரசுகளின் கணக்கு இதனினும் பெரிது. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், நாடற்ற இந்திய வம்சாவளியினரின் தொகையை 9,75,000 எனக் கொண்டது. அவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் எனப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. எழுவர் இந்தியா செல்ல நால்வர் இலங்கைக் குடியுரிமை பெறுதல் என்பது விகிதம். தாய் எந்தத் தொகையில், மகன் எந்தத் தொகையில் என்பது விகிதத்திற்குப் புலப்படாது. ஊவாத் தோட்டங்களிலும் குடும்பங்கள் பிரிந்தன. இலக்கண நூலார் சொல்லில் நேரும் பிழைக்கு இட்ட பெயரை இங்கே செயலுக்கும் இடலாம். இஃது அரசியலில் நேர்ந்த திணைவழு.

இவ்வாறு கூறின், எண்ணுதலே தீது, மனிதர் எண்ணுக்கு அப்பாற்பட்டவர் என்று முடிபு கொள்ளத் தோன்றும். அம்முடிபு பொருந்தாது. வேறுபாடு காட்டாத எண்ணே பல வேளைகளில் நீதியின் கருவியாகின்றது. துரையின் வாக்கும் தொழிலாளியின் வாக்கும் ஒவ்வொன்றாகவே எண்ணப்படுதல் வேண்டும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாதல் வேண்டும் என்று பல்லாண்டு நடந்த போராட்டமும், 2021 இல் வந்த சம்பள நிர்ணயமும் எண்ணின்றி இல்லை. கொரிய மொழியிலும் சம்பளம் சீன எண்ணாலேயே பேசப்படும். அதனைச் சரிவர அறியாத தொழிலாளி ஏமாற்றப்படலாம்.

எண்ணாது விடுதலும் அவமதிப்பே என்பதற்குப் பதுளை மாவட்டத்திலேயே துயரச் சான்று உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. அந்நேரம் லயங்களில் இருந்தோர் யாவர், வேலைக்கும் பள்ளிக்கும் சென்றிருந்தோர் யாவர் என்பது உடனடியாகத் தெளிவாகவில்லை. காணாமற்போனோர் தொகை முதலில் நூற்றுக்கணக்கிற் கூறப்பட்டுப் பின்னர் சில பத்துகளாகச் சுருங்கிற்று. கொழுந்தின் நிறையைக் கிலோக் கணக்கிற் குறித்துவைக்கும் ஓரிடத்தில், வாழ்வோரின் தொகை ஐயத்திற்கிடமாயிற்று. இறந்தோர்க்குச் செய்யும் முதற் கடமை அவர்களைச் சரியாக எண்ணுதல் என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

ஆகவே குற்றம் எண்ணுதலில் இல்லை. எண்ணப்படுவது யார் என்பதை மறந்து எண்ணுதலிலேயே உளது. இரண்டையும் வேறுபடுத்த ஓர் உரைகல் வேண்டுமாயின் அது இதுவாகலாம்: தொகையிலிருந்து மீண்டும் பெயருக்குச் செல்ல வழி உண்டா? தேர்தல் இடாப்பிலும், இறந்தோர் பட்டியலிலும், நேர்மையான சம்பளப் பட்டியலிலும் அவ்வழி உண்டு. அங்கே எண் பெயர்களின் கூட்டாகவே நிற்கும். விகிதத்திலும் அரைப்பேரிலும் அவ்வழி அடைபடுகின்றது.

மொழி இவ்வறத்தை நினைவூட்டலாம். அதனைக் காக்க மொழியால் மட்டும் இயலாது. ஒருவர், இருவர் என மரபு கற்பித்த தமிழிலேயே, தமிழ்க் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அரைப்பேர் எழுதினர். 'புன்' என்னும் மதிப்புச்சொல் கொரிய மொழியில் இருத்தலால், தொழிற்சாலை வாயிலில் நிற்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அம்மதிப்புக் கிடைத்துவிடும் என்பதற்கில்லை. ஆண்டுதோறும் அந்நாடு வகுக்கும் தொழிலாளர் ஒதுக்கீடும் ஆயிரக்கணக்கில், சீன எண்களாலேயே கூறப்படுவது. தொண்ணூற்றொன்பதோடு நின்றுவிடும் சொந்த எண்கள் அவ்வுயரத்தை எட்டமாட்டா.

எனினும் கற்றல் வீணன்று. பதுளையில் ஓர் இளைஞன் 'து மியொங்', 'செ மியொங்' என மனனஞ் செய்யும்போது, தேர்வுக்குரிய ஒரு வாய்பாட்டோடு மிகப் பழைய பகுத்தறிவொன்றையும் பயில்கின்றான். அது அவனுடைய தாய்மொழியிலும் இருந்தது. அவனுடைய தாயின் பெயர் எழுதப்பட்ட கணக்கேட்டில் இல்லாமற்போனது. எத்தனை என்று கேட்குமுன் யார் என்று கேட்கும் அப்பழக்கத்தை இலக்கணத்திலிருந்து வாழ்வுக்குக் கொண்டுவருதல், கணக்கெழுதும் பதவிகளுக்குச் செல்லவிருக்கும் கற்றோர் அனைவரதும் கடமையாகும்.